ஐஸ் பேக்டரிக் கோழிக்காரி

கன்னியம்மாவுக்கும் எனக்கும் ஆகாது. முகத்துவாரக்குப்பத்தில் இது ஊரறிந்த விஷயம். அவள் என் புருஷன் ராசையாவின் அண்ணன் பெண்டாட்டி, இந்தச் சீனிக்கு ஓரகத்தி. நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அவள் ஒருவேளையாவது நிம்மதியாகச் சோறு தின்றதில்லை. கை தட்டில் இருக்கும், காது வேறெங்கோ இருக்கும். மழை வந்தால் பயம், வராவிட்டால் அதற்கும் பயம். நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து சிரித்தால், "ரொம்ப சிரிக்காதீங்கடி, ஏதாவது வந்துறப் போவுது" என்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு விடிந்தது கூடப் பேய்தான்.

அப்படிப்பட்டவள் எடுத்துக்கொண்ட தொழிலைப் பாருங்கள், முட்டை பொரிக்கிற தொழில். உலகத்தில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டே செய்ய வேண்டிய தொழில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அவள் புருஷன் தவசிமுத்து, என் மூத்தார், கடலுக்குப் போனவர். கழிமுகத்தில் கரண்டுக் கம்பெனி விடுகிற சாம்பல் தண்ணியும் சுடுதண்ணியும் கலந்து இறாலும் மடவையும் குறைந்துகொண்டே வந்த காலத்தில், அவருக்கு இளைப்பு நோயும் வந்து சேர்ந்தது. வலை இழுக்கும்போது மூச்சு பாதியில் நின்றுவிடும். படகில் இருந்த பங்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கன்னியம்மா அழுவாள் என்று பார்க்கப் போனேன். அவள் அழவில்லை. அடுத்த வாரம் மாதவரத்துக்குப் போய்க் குஞ்சு பொரிக்கப் படித்துவிட்டு வந்தாள். பொன்னேரிப் பக்கம் பண்ணையை மூடிய ஒருத்தரிடம் இரண்டு பழைய மிசின் வாங்கினாள். குப்பத்தின் கோடியில் பூட்டிக் கிடந்த ஐஸ் பேக்டரியை வாடகைக்குப் பிடித்தாள்.

"ஐஸ் பேக்டரில கோயி வளக்கப் போறியா? வெறச்சிப் பூடும்கா" என்றேன்.

"குளிர வெளிய வுடாத சொவுரு சூட்டயும் வுடாது" என்றாள்.

ஒன்றரை அடி கனச் சுவர். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. முன்னறையில் குடித்தனம், உள்ளே மிசின். இரண்டு வருஷத்தில் மீஞ்சூர், பொன்னேரி வரைக்கும் அவள் குஞ்சு போனது. நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் பேர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

வேலை இதுதான். பெரிய மிசினில் முட்டைகள் அடைகாக்கும். தட்டுகள் தாமாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். தாய்க்கோழி காலால் புரட்டிவிடுகிற வேலையை மிசின் செய்கிறது. கடைசி மூன்று நாளுக்கு முட்டைகளைச் சின்ன மிசினுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பேர் ஹேச்சர். அங்கேதான் பொரிக்கும். பொரிக்கிற நேரத்தில் அதன் கதவைத் திறந்தால் போச்சு. ஈரம் வெளியேறிவிடும், ஓட்டுக்குள் இருக்கிற சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், மூக்கை வெளியே நீட்டியபடியே செத்துப்போகும். கதவைத் திறக்கக் கூடாது, ஆனால் காற்று மட்டும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டுக்குள் குஞ்சு மூச்சுவிட ஆரம்பித்திருக்கும். அதற்காக அந்த அறையில் ஒரு ஜன்னலும், வெளிக்காற்றை உள்ளே இழுக்க ஒரு பெரிய பேனும் வைத்திருந்தாள். கரண்டு போனால் ஜெனரேட்டர். அது கிளம்புமோ கிளம்பாதோ என்று அதற்குத் தனிப் பயம். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று தட்டின் மூலையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைப்பாள். மாதவரத்தில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மூத்தாருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். இருட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முட்டையை ஒவ்வொன்றாக விளக்குக்கு மேலே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தாலோ கரு கலங்கிக் கிடந்தாலோ கழித்துவிட வேண்டும். கழிக்காமல் விட்டால் அது கூமுட்டையாகி, சூட்டில் புளித்து, ஒரு நாள் மிசினுக்குள்ளேயே வெடிக்கும். ஒன்று வெடித்தால் தட்டு முழுக்க நாசம். மூச்சு வாங்காமல் செய்யக்கூடிய வேலை அவருக்கு அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதனால்தான் அதில் அவ்வளவு ரோஷம். "நான் பாத்து வுட்ட தட்டுல ஒரு கூமுட்டை வந்துச்சின்னா மீசைய எட்துக்கறேன்" என்பார்.

ஆனால் பொரிக்கிற நாளில் மட்டும் அவரை ஹேச்சர் அறைப் பக்கம் விடமாட்டாள். அன்றைக்கு உள்ளே குஞ்சுத் தூவி பஞ்சாகப் பறக்கும். அது அவர் நெஞ்சுக்கு ஆகாது. ஒரு தடவை உள்ளே போய்விட்டு ஒரு வாரம் படுத்திருக்கிறார்.

பொரிக்கிற நாளில் தெருவும் நாறும். ஈரத் தூவி, எச்சம், ஓடு எல்லாம் சேர்ந்த கலீஜ் வாடை. சுற்றிலும் கம்பெனிகள், அதனால் எங்கள் பக்கம் நாற்றத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு நாள் கேஸ் நாற்றம், ஒரு நாள் மருந்து நாற்றம், ஒரு நாள் என்னவென்றே தெரியாத நாற்றம். ஆனால் கம்பெனியோடு போய் யார் சண்டை போடுவது? கேட்டில் செக்யூரிட்டி நிற்பான். கன்னியம்மா வீட்டுக்குக் கேட் கிடையாது. அதனால் எந்த நாற்றம் வந்தாலும் தெருவே திரண்டு அவளோடுதான் சண்டைக்குப் போகும். முன்வரிசையில் நான்.

போன மார்கழியில் ஒரு நாள், ஒரு ஈடு முட்டை மொத்தமும் பொரிக்கிற நாள். தண்டையார்பேட்டை ஜாபர் காலையில் வண்டி கொண்டுவந்து குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தது. ஜாபர்தான் அவளிடம் வழக்கமாகக் குஞ்சு எடுக்கிற வியாபாரி. முந்தின நாள் சாயங்காலமே ஓடு விரிசல் விட ஆரம்பித்துவிட்டது. கன்னியம்மா கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தாள். விடிகிற நேரத்தில் அந்த நாற்றம் வந்தது.

அழுகிய முட்டை நாற்றம். அச்சு அசல் அதேதான்.

கன்னியம்மா முன்னறையில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் வந்து கத்தினாள். நடந்ததை அவர்கள் இரண்டு பேரும் பிற்பாடு எனக்குச் சொன்னார்கள்.

"யோவ், இன்னாய்யா பாத்து கழிச்ச? உள்ள கூமுட்டை வெடிச்சிகீது!"

"நான் பாத்ததுலயா? சான்ஸே இல்ல."

"பின்ன இந்த நாத்தம் எங்கருந்து வருது? என் மேலருந்தா? ஒரு வேல குட்த்தேன், அதக் கூட ஒயுங்கா செய்யமாட்டியா?"

சொல்லிவிட்டு, நாற்றத்தை விரட்ட அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். ஜன்னலை முழுசாகத் திறந்தாள், பேனை முழு வேகத்தில் போட்டாள். பினாயில் கரைக்கப் பின்பக்கம் போனாள்.

மூத்தார் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹேச்சர் அறைக்குள் போனார். பொரிக்கிற நாளில் போகக் கூடாத அறை. போகும்போது அவள் பார்த்தாள். "போவாதய்யா, தூவி பறக்குது" என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் கோபத்தில் இருந்தாள். எந்தத் தட்டு என்று கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தாளாம்.

வெளியே தெரு எழுந்துவிட்டது. "இன்னாடி இது, கோயிக்காரி இன்னிக்கு மொத்தமா எல்லாத்தயும் ஒடச்சிட்டாளா?" என்று ஆளாளுக்கு வாசலில் நின்று கத்தினார்கள். நான் மீன் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூடையைக் கீழே வைத்து, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் புறப்பட்டேன். பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். என் கண் எரிந்தது. கோபத்தில் எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாதித் தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ நிற்காமல் வந்தது. ஓட்டினவன் தலையை வெளியே நீட்டி, "எர்ணாவூர் வரிக்கும் நாறுது, ரெண்டு பேரு மயக்கம் போட்டுட்டாங்க, எந்தக் கம்பெனின்னு தெர்ல, ஓடுங்க ஓடுங்க" என்று கத்திக்கொண்டே போனான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கன்னியம்மா எவ்வளவு பெரிய கூமுட்டையை வைத்திருந்தாலும் எர்ணாவூர் வரைக்கும் நாறாது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி தள்ளாடிக்கொண்டு தெருவிலேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

ஐஸ் பேக்டரிக்குள் ஓடினேன். பினாயில் வாளியோடு கன்னியம்மா எதிரே வந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிச்சல் கூட இருந்தது.

"நாத்தம் நின்னு போச்சி சீனி. அவரு கண்டுபுட்சிட்டாரு போல."

நாற்றம் நிற்கவில்லை. எனக்கு முந்தானைக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு மூக்கு மரத்துப்போயிருந்தது.

"அக்கா, உன் முட்டை இல்லக்கா! வெளிய கேஸு! ஊரே ஓடிகினு கீது!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த பேனைப் பார்த்தாள். வெளிக்காற்றை உள்ளே இழுப்பதற்கென்றே அவள் வாங்கிப் போட்ட பேன். வாளி கையிலிருந்து விழுந்தது. "தவசீ!" என்று ஒரு சத்தம் போட்டாள். புருஷன் பேரை அவள் வாய்விட்டுச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் ஹேச்சருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் சாய்ந்து வாயைத் திறந்திருந்தார், மூச்சை இழுக்கையில் கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. டார்ச் பக்கத்தில் எரிந்துகொண்டே கிடந்தது. அந்த அறையில் பொரிக்கிற நாளில் கீச்சுச் சத்தம் காதைத் துளைக்கும். அன்றைக்கு அங்கங்கே ஒன்றிரண்டுதான் கேட்டது.

ஆளுக்கொரு பக்கம் தோளைப் பிடித்து இழுத்தோம். கதவுக்கு வந்தபோது கன்னியம்மாவின் கை பேன் சுவிட்ச் மேல் போய் நின்றது. அணைத்தால் உள்ளே இருக்கிற அத்தனை குஞ்சும் மூச்சு முட்டிச் சாகும். அணைக்காவிட்டால் விஷத்தை இழுத்துக்கொடுத்துச் சாகடிக்கும். அவள் உதடு கோணியது. கையை எடுத்துவிட்டாள். சுவிட்ச் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் அவரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் ஜாபர் வண்டி வந்து நின்றது. கைக்குட்டையை மூக்கில் கட்டியிருந்தான். எங்களைப் பார்த்ததும் கீழே குதித்தான். பின்னால் அடுக்கியிருந்த காலி அட்டைப் பெட்டிகளை எல்லாம் தெருவில் தூக்கி எறிந்தான்.

"ஏத்துங்கக்கா, ஏத்துங்க! அண்ணன் தலைய மேல புடிங்க!"

சாலை முழுக்க ஜனம். கைக்குழந்தையோடு, கட்டிய துணியோடு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் எல்லாரும் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜாபர் ஆரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கன்னியம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இளைப்பு மருந்தை வாயில் வைத்து அழுத்தினாள். அவருக்கு அதை உள்ளே இழுக்கத் தெம்பு இல்லை, மருந்து வெளியே புகையாகப் போனது. உதடு நாவற்பழம் தின்றது போல நிறம் மாறிவிட்டது. அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடி வெளியே போனது. "இஸ்து வுடுய்யா, கொஞ்சம் இஸ்து வுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எல்லையம்மனைக் கூப்பிட்டேன். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அவர் செத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

சாகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பேச்சு வந்தது. கன்னியம்மா அந்த இரண்டு நாளும் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னால், உட்கார்ந்தால் தெரியவில்லை என்றாள்.

மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது. "எந்தத் தட்டுல இருந்துச்சிமே?"

நாற்றம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எந்தத் தட்டுலயும் இல்லய்யா" என்றாள். "நீ பாத்து வுட்டது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சி. வெளிய எவனோ வுட்ட காத்து. நான்தான் பேனைப் போட்டு உனக்குப் புட்ச்சி குட்த்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அதான் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். கன்னியம்மா கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

எந்தக் கம்பெனி என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆள் மாற்றி ஆள் வந்து காற்றைச் சோதித்தார்கள். அதற்குள் காற்று சுத்தமாகிவிட்டிருந்தது. ஐஸ் பேக்டரிக்கு ஜாபரும் நானும் போய்க் கதவைத் திறந்தோம். பொரித்தவையும் செத்திருந்தன, பொரிக்காதவையும் செத்திருந்தன. நிறைய முட்டைகளில் மூக்கு மட்டும் வெளியே வந்திருந்தது. கடற்கரையில் குழி வெட்டிப் புதைத்தோம். கன்னியம்மாவைப் பார்க்க விடவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். இனி அவர் தூவிக்கும் கோழி வாடைக்கும் பக்கத்திலேயே போகக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆனால் காப்பாற்ற முடியாது.

மிசினை விற்றுவிடுகிறேன் என்றாள் கன்னியம்மா. "வித்துட்டு? ரெண்டு பேரும் காத்தத் துன்னலாமா? அதுவும் இங்க நல்லால்ல" என்றார் அவர். அவர்கள் மகள் மாயாவைத் தண்டையார்பேட்டையில் கொடுத்திருக்கிறது, அங்கே ஒற்றை அறையில் நாலு பேர். அதனால் மூத்தாரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஐஸ் பேக்டரிக்கு இரண்டு தெரு தள்ளி. கன்னியம்மா அங்கே, அவர் இங்கே. மிசினை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்றால், ஜெனரேட்டர் சத்தம் மாறினால் ஆளுக்குத் தெரியுமா என்பாள்.

சாயங்காலம் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வருவாள். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாள். ஒரு நாள் கொண்டைக்குள் ஒரு தூவி ஒட்டியிருந்திருக்கிறது, அவளுக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி அவருக்கு இழுத்த இழுப்பில் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதிலிருந்து அவள் வாசல்படி ஏறவில்லை. எதிர்ச்சாரியில் கவிழ்த்துப் போட்ட பழைய படகின் மேல் உட்கார்ந்துகொள்வாள். அவர் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். கடலுக்குப் போனவர் அல்லவா, கண்ணை மூடிக் காற்றைப் பார்த்துச் சொல்லுவார். "இன்னிக்குக் கொண்டல் காத்து அடிக்குது. அந்தக் கோடிக்கிப் போய்க் குந்து." அவள் எழுந்து, தன் மேல் பட்ட காற்று அவர் பக்கம் போகாத இடமாகப் பார்த்து உட்காருவாள்.

புருஷன் பெண்டாட்டி பேச்சு முழுக்கத் தெருவைத் தாண்டித்தான்.

"சாப்ட்டியாமே?"

"ஆச்சி. நீ மாத்திரை போட்டியா?"

"இந்த ஈடு எத்தினி போச்சி?"

"கொஞ்சம்தான் போச்சி. நீ கழிச்ச மாதிரி வராது."

தெருப் பொடிசுகள் கேலி பண்ணும். லவ்வர்ஸ் வந்துட்டாங்க என்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்த உடனே சட்டென்று நிறுத்திக்கொள்வாள்.

போன மாசம் ஒரு சாயங்காலம் காற்றே இல்லை. இலை அசையவில்லை. எந்தப் பக்கம் உட்காருவது என்று அவள் கேட்டாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து தெருவில் இறங்கினார். அவளைப் பார்த்து நடந்தார்.

"கிட்ட வராதய்யா" என்றாள்.

அவர் வந்தார். அவள் எழுந்து பின்னால் போனாள். அவர் இன்னும் கொஞ்சம் வந்தார். அவள் இன்னும் பின்னால் போனாள், கையை நீட்டித் தடுத்துக்கொண்டே. கட்டின புருஷனைப் பார்த்துப் பயந்து நடுத்தெருவில் ஒரு பொம்பளை பின்னால் பின்னால் போகிறாள். அவர் நின்றுவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று என் வீட்டுப் பின்பக்கம் இழுத்து வந்தேன். குழாயடியில் உட்கார வைத்தேன். கொண்டையை அவிழ்த்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, மறுபடி போட்டுத் தேய்த்தேன். காதுமடல், நகக்கண் எல்லாம் தேய்த்தேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சேலையைச் சுருட்டித் தூர எறிந்துவிட்டு என் சேலை ஒன்றைக் கட்டிவிட்டேன். கூட்டிக்கொண்டு போய் அவர் கட்டிலில், அவர் பக்கத்திலேயே உட்கார வைத்தேன்.

நானும் என் புருஷனும் வாசற்படியில் நின்று அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஏறியது, இறங்கியது. இழுப்பு இல்லை. அவர் அவளுடைய ஈரத் தலை மேல் கையை வைத்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அப்புறம்தான் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. தன் மூச்சிலும் அந்த வாடை கலந்திருந்தால் என்ன செய்வது என்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூச்சு வுடுக்கா" என்று கத்தினேன். "மூச்சு வுடு."